கிம்ப் 3.0: ஏழு வருஷக் காத்திருப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிசைனிங் கடை நடத்துகிறேன். கல்யாணக் கார்டு, பாஸ்போர்ட் போட்டோ, அசனப் பண்டிகை நோட்டீஸ், கோயில் கொடைக்குப் பிளெக்ஸ், ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் கண்ணீர் அஞ்சலி. பத்து வருஷத்துக்கும் மேலாக இவ்வளவும் கிம்ப் என்ற இலவச மென்பொருளில்தான் ஓடுகிறது. அதன் 3.0 பதிப்புக்காக நானும், என்னிடம் வேலை படித்துப் போன பிள்ளைகளும், மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கம் கடை வைத்திருக்கும் சிலரும் காத்திருந்த காலம் கொஞ்சநஞ்சமில்லை. "அக்கா, வந்தாச்சா?" என்று போனில் கேட்டவர்கள் இப்போது "அக்கா, மாறலாமா?" என்று கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கிம்ப் என்பது என்ன?

போட்டோவைத் திருத்த, வெட்ட, ஒட்ட, எழுத்துப் போட உதவும் மென்பொருள். 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கினார்கள். 1996-இல் வெளியே வந்தது. காசு கிடையாது. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுத்துத் திருத்தலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நாம் சேமிக்கும் கோப்பின் வால் எக்ஸ்சிஎஃப் என்று இருக்கிறதே, அது அந்த மாணவர்கள் இருந்த கணினி மன்றத்தின் பெயர்ச் சுருக்கம்.

கிம்ப்பா, ஜிம்ப்பா?

ககரம்தான். நம்ம பக்கம் முக்கால்வாசிப் பேர் ஜிம்ப் என்கிறார்கள். அப்படிச் சொன்னாலும் புரியும்.

சரியாகச் சொன்னால் எத்தனை வருஷம் காத்திருந்தோம்?

2.8 வந்தது 2012 மே மாதம். அடுத்த பெரிய பதிப்பான 2.10 வந்தது 2018 ஏப்ரல் 27. அதுவே ஆறு வருஷம். அதிலிருந்து 3.0 வர 2025 மார்ச் 16 ஆயிற்று. ஏழு வருஷத்துக்கு ஒன்றரை மாதம் குறைவு. 2.10 வந்தபோது மூன்றாம் வகுப்பு முடித்திருந்த என் மகள், 3.0 வந்தபோது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் 2020 நவம்பரிலேயே 2.99 என்ற எண்ணில் முதல் சோதனைப் பதிப்பு வந்துவிட்டது. காத்திருப்பைக் கடினமாக்கியது அதுதான். பொருள் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு வரவில்லை.

ஒரு அப்டேட்டுக்கு ஏன் இத்தனை வருஷம்? சோம்பலா?

இந்தக் கேள்வியில்தான் எனக்கு மனம் பொறுக்காது. நீளமாகவே சொல்கிறேன்.

நம்ம ஊர் ஓட்டுவீட்டை நினைத்துப் பாருங்கள். உடைந்த ஓட்டை மாற்றுவது ஒரு நாள் வேலை. கழுக்கோலும் உத்தரமும் உளுத்துப்போனால்? குடியிருப்பவர்களை வெளியே அனுப்ப முடியாது. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் கூரையைத் திறந்தும் போட முடியாது. முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு மரமாகக் கழற்றி, புதுசு மாட்டி, மறுபடி ஓடு வேய வேண்டும். ரோட்டில் நின்று பார்க்கிறவனுக்கு அதே வீடு, அதே ஓடு. "இவ்வளவு நாளாக என்ன செய்தீர்கள்?" என்றுதான் கேட்பான்.

கிம்ப்பில் மாற்றிய முதல் உத்தரம் ஜிடிகே. மெனு, பட்டன், ஜன்னல் எல்லாவற்றையும் திரையில் வரைவது அதுதான். தொடக்கத்தில் கிம்ப் மோட்டிஃப் என்ற கட்டணத் தொகுப்பின் மேல் நின்றது. அது பிடிக்காமல் பீட்டர் மேட்டிஸ் சொந்தமாக எழுதியது இது. கிம்ப்புக்காகப் பிறந்து, பிறகு லினக்ஸ் உலகத்துக்கே பொதுவாகிப்போனது. அதன் இரண்டாம் பதிப்பு 2002-இல் வந்தது, மூன்றாவது 2011-இல், நான்காவது 2020 டிசம்பரில். ஆனால் கிம்ப் 2.10 கடைசி வரைக்கும் அந்த 2002-ஆம் வருஷத்து வரிசையின் மேல்தான் நின்றது. 4கே மானிட்டர் வாங்கியவர்களுக்கு அதன் வலி தெரியும்: ஐகான் கடுகு மாதிரி இருக்கும், மெனு எழுத்தைப் படிக்க முகத்தைக் கண்ணாடிக்கு ஒட்ட வேண்டும். 3.0 மூன்றாம் ஜிடிகேவுக்கு ஏறியதும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இரண்டாவது உத்தரம் கெகல். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போடும் எந்திரம். 2000-இல், ஹாலிவுட் படங்களுக்கு கிராஃபிக்ஸ் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் தொடங்கிய வேலை. 2018-இல் 2.10 வந்தபோதுதான் அது கிம்ப்பின் அடித்தளமாக முழுதாக உட்கார்ந்தது. பதினெட்டு வருஷம். 3.0-இல் நாம் கொண்டாடும் வசதிகள் பலவும் அதன் மேல் கட்டியவை.

மூன்றாவது, வெளியே தெரியவே தெரியாத வேலை. படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்தான் லேயர்; ஒரு நேரத்தில் ஒரு லேயர்தான் தேர்வில் இருக்கும் என்ற எண்ணத்தில் கிம்ப்பின் நிரல் இருபது வருஷத்துக்கு மேலாக எழுதப்பட்டிருந்தது. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு நான்கு லேயரை ஒன்றாகத் தேர்ந்து இழுப்பது நமக்குச் சின்ன விஷயம். அதற்காக, அந்தப் பழைய எண்ணம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் போய்த் திருத்த வேண்டும். கூடுதல் வசதி தரும் துணை நிரல்களான பிளக்கின்கள் கிம்ப்போடு பேசும் மொழியையும் மாற்றினார்கள். கிம்ப்போடு வரும் பிளக்கின்களையே ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டி வந்தது.

இவ்வளவையும் செய்தது ஒரு கைவிரலில் அடங்கும் ஆட்கள், அவர்களுக்கு உதவியாக வந்துபோகும் தன்னார்வலர்கள். ஜெஹான் பஜேஸ், மிக்கேல் நாட்டரர், கெகலைப் பார்த்துக்கொள்ளும் ஓய்விந்த் கோலோஸ் போன்ற பெயர்களை இந்த வேலையைத் தொடர்ந்து கவனிக்கிறவர்கள் எல்லாரும் அறிவார்கள். ஆயிரம் பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தோடு இவர்களை ஒப்பிட்டு "சோம்பல்" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

2024 மே மாதம் வரும் என்று சொன்னார்களே?

சொன்னார்கள். லிப்ரே கிராஃபிக்ஸ் மீட்டிங் என்ற கூட்டம் நடக்கும் 2024 மே மாதத்தை ஒட்டி வெளியிட வேண்டும் என்பதுதான் இலக்காக இருந்தது. நடக்கவில்லை. நவம்பர் 6-இல் முதல் வெளியீட்டு முன்னோட்டம் வந்தது, டிசம்பர் 27-இல் இரண்டாவது, 2025 பிப்ரவரி 10-இல் மூன்றாவது.

இரண்டாவது முன்னோட்டம் வந்த தேதி எனக்கு மறக்காது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் டிசம்பர் 30-இல் திறந்தார்கள். அந்த வாரம் முழுக்க எல்லா டிசைனிங் கடையிலும் பாலமும் சிலையும்தான். வேலைக்கு நடுவே பழைய லேப்டாப்பில் முன்னோட்டத்தை ஏற்றி, அதே பாலம் படத்தை அதில் திறந்து திறந்து பார்த்தேன்.

தேதி தவறியதில் எனக்கும் வருத்தம் இருந்தது. ஆனால் அந்தப் பத்து மாதத்தில் முன்னோட்டங்களில் எத்தனை பிழை பிடித்துத் திருத்தினார்கள் என்று பார்த்தபிறகு, மே மாதமே அவசரமாக விட்டிருந்தால் கல்யாண சீசனில் நாம்தான் அவதிப்பட்டிருப்போம் என்று புரிந்தது.

அந்த ஏழு வருஷமும் எதுவுமே வரவில்லையா?

அப்படி இல்லை. முன்பெல்லாம் சிறு பதிப்பு என்றால் பிழைத்திருத்தம் மட்டும்தான் இருக்கும். 2.10-இலிருந்து அந்த வழக்கத்தை மாற்றி, சிறு பதிப்புகளிலும் புது வசதி சேர்த்தார்கள். 2.10.2, 2.10.4 என்று தொடங்கி 2024 மே மாதம் 2.10.38 வரை வந்தது.

2.10 கொடுத்த பெரிய உதவி நிற ஆழம். ஒரு நிறத்துக்கு 256 படிகள் இருந்த இடத்தில் 65,536 படிகள். கன்னியாகுமரிக் கடற்கரையில் சித்ரா பௌர்ணமி மாலை எடுத்த படத்தை ஆறடி பேனராக்கிப் பாருங்கள். ஆரஞ்சிலிருந்து நீலத்துக்குப் போகும் வானம், படியில் இறங்குவதுபோல் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் வேலை செய்து, கடைசியில் மட்டும் 8 பிட்டுக்கு இறக்கினால் அந்தப் பட்டை வெகுவாகக் குறையும்.

வேறு பெயரில் தனியாகப் பிரிந்து போனார்களே?

கிளிம்ப்ஸ். 2019-இல் பிரிந்தது, 2021-இல் நின்றுபோனது. ஆள் பற்றாக்குறைதான். இப்போது அதைத் தேட வேண்டாம்.

அக்கா, நீங்கள் எந்த வசதிக்காகக் காத்திருந்தீர்கள்?

ஒரு ராத்திரியைச் சொன்னால் புரியும்.

ஒன்பதரை மணிக்கு மேல் இரண்டு பேர் வந்தார்கள். வீட்டில் தாத்தா இறந்துவிட்டார். அடக்க ஆராதனை மறுநாள் காலை பத்து மணிக்கு. ஆறுக்கு நாலு அடி பிளெக்ஸ் வேண்டும். தாத்தாவுக்குத் தனிப் படம் கிடையாது. பேத்தி கல்யாணத்தில் மொபைலில் எடுத்த குரூப் போட்டோதான் இருக்கிறது. அதில் அவர் காதை ஒட்டிப் பக்கத்தில் நிற்கும் அம்மாவின் தலைப்பூ. தோளில் யாரோ ஒருவரின் கை.

தலைப்பூவை அழித்தால் காது மடல் போய்விடும். 400 சதவீதம் பெரிதாக்கி, பாத் டூலால் காதின் ஓரம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வைத்து வெட்டினேன். தோளில் இருந்த கையை குளோன் டூலால் சட்டைத் துணியை எடுத்து எடுத்து மூடினேன். அவர் மகன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தில் வெளிச்சம் கொஞ்சம் ஏற்றியதும் "அப்பா இதே மாதிரிதான் இருப்பாரு" என்றார்.

பிறகு எழுத்து. கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து, சுற்றி வெள்ளைக் கரை, அதற்குப் பின்னால் நிழல். 2.10-இல் இதற்கு, எழுத்து லேயரில் ஆல்ஃபா டு செலக்‌ஷன், பிறகு குரோ கொடுத்து எட்டுப் புள்ளி பெரிதாக்கல், கீழே புது லேயர், அதில் வெள்ளை, அதற்கும் கீழே நிழல். "துயருறும் குடும்பத்தார்" வரிகள் பதினொன்று. எல்லாவற்றுக்கும் செய்து முடித்து, படத்தை மார்த்தாண்டத்துக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் போன் வந்தது: இரண்டாவது மருமகன் பெயர் விட்டுப்போயிற்று.

பெயரைச் சேர்ப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் எழுத்து நகர்ந்ததும் கரை தனியாக, நிழல் தனியாக அப்படியே நின்றது. பதினொரு வரிக்கும் கரையை அழித்து மறுபடி செய்தேன். மணி பன்னிரண்டரை. நடுவில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் கத்திக்கொண்டிருந்தது. வெளியே அவர்கள் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

3.0-இல் கரையும் நிழலும் எழுத்தோடு ஒட்டிய ஃபில்டராக நிற்கும். எழுத்தைத் திருத்தினால் இரண்டும் கூடவே திருந்தும். இதற்குத்தான் காத்திருந்தேன்.

அதை எப்படிச் செய்வது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

எழுத்து லேயரைத் தேர்ந்து, ஃபில்டர்ஸ் மெனுவில் லைட் அண்ட் ஷேடோ, அதில் டிராப் ஷேடோ. எக்ஸ், ஒய் இரண்டும் சுழி, பிளர் சுழி, நிறம் வெள்ளை, ஒபாசிட்டி ஒன்று. குரோ ரேடியஸ் என்ற அளவை எட்டோ பத்தோ வையுங்கள். நிழல் எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கரையாக மாறி நிற்கும். ஓகே கொடுங்கள். அடியில் "மெர்ஜ் ஃபில்டர்" என்ற கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. இருந்தால் பழைய கதைதான்.

மறுபடி அதே டிராப் ஷேடோ. இந்தத் தடவை கறுப்பு நிறம், கொஞ்சம் பிளர், கொஞ்சம் தள்ளி. லேயர் பெயருக்குப் பக்கத்தில் எஃப்எக்ஸ் என்று சின்ன அடையாளம் வந்திருக்கும். அதைத் தொட்டால் போட்ட ஃபில்டர்கள் வரிசையாகத் தெரியும். கண் அடையாளத்தை அணைத்தால் மறையும். இரண்டு முறை தட்டினால் அளவை மாற்றலாம். மேலே கீழே நகர்த்தலாம். பிறகு எழுத்துக் கருவியை எடுத்து விட்டுப்போன பெயரைச் சேருங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

இதே முறை நிறத்துக்கும் உண்டு. கர்வ்ஸ், லெவல்ஸ் எல்லாம் அழியாமல் நிற்கும். லேயர் குரூப்பின் மேலும் போடலாம். மாப்பிள்ளை, பெண், பின்னணி மூன்றையும் ஒரு குரூப்பில் போட்டு வெளிச்சத்தை ஒரே இடத்தில் கூட்டிக் குறைப்பதுதான் இப்போது என் வழக்கம்.

தமிழ் எழுத்து உடையாமல் வருமா?

வரும். யூனிகோடு எழுத்துருவாக இருந்தால் "கொ", "கௌ", "ஸ்ரீ" எல்லாம் ஒழுங்காகச் சேரும். இது 3.0-க்கு முன்பே உள்ள பலம். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தமிழ் யூனிகோடு சரியாக வர, டைப் அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எந்திரத்தைத் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரியாதவர்கள் உடைந்த எழுத்தைப் பார்த்துப் பயந்து பாமினிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் கிம்ப்பிலும் வேலை செய்யும். ஆனால் யூனிகோடுக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வாடிக்கையாளர்கள் இப்போது பெயர்களை வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். அது யூனிகோடு; நகலெடுத்து ஒட்டினால் முடிந்தது. பாமினி என்றால் மாற்றிக்கு அனுப்ப வேண்டும், இல்லை மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். மரண அறிவிப்பில் ஒரு பெயர் பிழையானால் அந்த வீட்டார் வருஷக்கணக்கில் மறக்க மாட்டார்கள்.

இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் உண்டு: நோட்டோ சான்ஸ், நோட்டோ செரிஃப், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பவனம், காவிவனர், பலூ தம்பி. கார்டுக்கு நோட்டோ செரிஃப், பிளெக்ஸுக்கு பலூ தம்பி, இது என் கைப்பழக்கம்.

மெனு தமிழில் வருமா?

வரும், பாதியும் மீதியுமாக. வேலை படிக்கும் பிள்ளைகளுக்கு நான் ஆங்கில மெனுவிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். வெளியே வேறு கடைக்குப் போனாலும் பயன்படும்.

அச்சகத்தில் சிஎம்ஒய்கே கேட்கிறார்களே?

இங்கே ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். 3.0-இலும் கிம்ப் உள்ளே, திரையின் சிவப்பு, பச்சை, நீலக் கலவையான ஆர்ஜிபியில்தான் வேலை செய்கிறது. அச்சின் நாலு மைக் கலவையான சிஎம்ஒய்கேயாக வேலை செய்ய முடியாது. முடிவது இரண்டு. ஒன்று, அச்சில் எப்படி வரும் என்று திரையில் பார்ப்பது: இமேஜ் மெனுவில் கலர் மேனேஜ்மென்ட் போய், அச்சகம் கொடுக்கும் ப்ரொஃபைலை சாஃப்ட் ப்ரூஃப் ப்ரொஃபைலாக வையுங்கள். இரண்டு, டிஃப், ஜெபெக், பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்பின் கோப்பு வகை) கோப்புகளை சிஎம்ஒய்கேயாக ஏற்றுமதி செய்வது. 2.10-இல் இது இல்லை.

பிளெக்ஸுக்கு இந்தக் கவலை வேண்டாம். மார்த்தாண்டம், நாகர்கோவில் பிளெக்ஸ் கடைகள் ஜெபெக் கோப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அடர்நீலம் ஊதா சாய்ந்து வரும் என்பதை மட்டும் முன்கூட்டியே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். ஆறுக்கு நாலு அடிக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி வைத்தால் 5184-க்கு 3456, அது போதும்.

கல்யாணக் கார்டு ஆஃப்செட்டுக்குப் போகிறது என்றால் எழுத்தை கிம்ப்பில் போடாதீர்கள். கறுப்பு எழுத்து நாலு மையிலும் பிரிந்து, தகடு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி நிறம் கசியும். படத்தை மட்டும் கிம்ப்பில் முடித்து, எழுத்தை ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் சுத்தக் கறுப்பில் போட்டு பிடிஎஃப் எடுங்கள். ஸ்கிரைபஸ் 1.6-இல் தமிழ் ஒழுங்காக வருகிறது.

ஆல்பம் டெம்ப்ளேட் எல்லாம் பிஎஸ்டி கோப்பு. திறக்குமா?

முன்பைவிட நன்றாகத் திறக்கிறது. லேயர் ஸ்டைல், ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் இரண்டும் முழுசாக வராது. டெம்ப்ளேட்டை வாங்குவதற்கு முன் ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கித் திறந்து பாருங்கள். ஆல்பத்தையே தொழிலாக வைத்திருப்பவர்கள், மாதம் முப்பது நாற்பது ஆல்பம் செய்கிறவர்கள், கிம்ப்புக்கு மாறச் சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன்.

என் சிஸ்டம் பழசு. ஓடுமா?

விண்டோஸ் 7 என்றால் 3.0 ஏறாது, விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் வேண்டும். 2.10 விண்டோஸ் 7-இல் ஓடும், அதிலேயே இருங்கள். லினக்ஸில் உங்கள் பதிப்பின் களஞ்சியத்தில் இன்னும் 2.10 இருந்தால் ஃபிளாட்பேக் என்ற பொது நிறுவும் முறை வழியாக 3.0 எடுக்கலாம்.

பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஆல்பம் தாள் ஒன்றை 300 புள்ளியில் திறந்தால் 3 கோடியே 88 லட்சம் புள்ளி. அழியாத ஃபில்டர் ஒவ்வொன்றும், அடியில் இருப்பதை மாற்றும்போதெல்லாம் மறுபடி கணக்குப் போடும். 4 ஜிபி நினைவகத்தில் இழுக்கும். முடிந்துபோன ஃபில்டர்களை மெர்ஜ் செய்துகொண்டே போங்கள். அமைப்பில் சிஸ்டம் ரிசோர்சஸ் பகுதியில் டைல் கேஷ் (கிம்ப் எடுத்துக்கொள்ளும் நினைவகம்) அளவையும் ஒருமுறை பாருங்கள்.

பழைய பிளக்கின், ஸ்கிரிப்ட் எல்லாம் வேலை செய்யுமா?

அப்படியே செய்யாது. பைத்தான் 2-இல் எழுதியவை எல்லாம் மாற்றி எழுதப்பட வேண்டும். ஜிமிக் என்ற ஃபில்டர் தொகுப்பு கிம்ப் 3.0-க்கு உடனே வந்துவிட்டது. உங்கள் தினசரி வேலை ஏதாவது ஒரு பழைய ஸ்கிரிப்டை நம்பி இருந்தால், அதற்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகு மாறுங்கள்.

2.10-ஐ எடுத்துவிட்டுத்தான் போட வேண்டுமா?

வேண்டாம். இரண்டும் ஒரே சிஸ்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். என் கடையில் இரண்டு மாதம் அப்படித்தான் வைத்திருந்தேன்.

ஆனால் கோப்பு விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். 2.99 சோதனைக் காலத்தில், ஒருவரின் வீடு பால்காய்ப்பு அழைப்பிதழை அதிலேயே திறந்து, அதே பெயரில் சேமித்துவிட்டேன். மறுநாள் கடை சிஸ்டத்தில் 2.10-இல் வேலையைத் தொடர முடியவில்லை. புதியதில் சேமித்ததைப் பழையது புரிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அன்று முழுக்க அந்தக் கார்டை முதலிலிருந்து செய்தேன். பழைய எக்ஸ்சிஎஃப் கோப்பை 3.0-இல் திறப்பதற்கு முன் நகல் எடுத்து, வேறு ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.

எங்கிருந்து எடுப்பது?

கிம்ப் டாட் ஆர்க். வேறு எங்கிருந்தும் வேண்டாம். 2022-இல் கூகுள் தேடலில் உச்சியில் வந்த ஒரு விளம்பரம், அச்சு அசலாகக் கிம்ப் தளம் மாதிரியே இருந்த போலித் தளத்துக்குக் கொண்டுபோய், கடவுச்சொல் திருடும் நிரலை இறக்கியது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். யாராவது கிம்ப்புக்குக் காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

க்ராக் போட்ட ஃபோட்டோஷாப் எல்லாக் கடையிலும் இருக்கும்போது எதற்கு இந்தப் பாடு?

இதை என்னிடம் அதிகமாகக் கேட்பவர்கள் வேலை படிக்க வரும் பிள்ளைகள். 2013-இலிருந்து அடோபி சந்தா முறைக்குப் போய்விட்டது. பெட்டியாக வாங்கிச் சொந்தமாக வைத்துக்கொள்ளும் கடைசிப் பதிப்பு 2012-இன் சிஎஸ்6. மாதாமாதம் கட்ட முடிகிறவர்கள் கட்டி, நிம்மதியாக வேலை செய்யட்டும். அது நல்ல மென்பொருள்தான்.

க்ராக் வேறு விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டுடியோவில் க்ராக்கோடு வந்த வைரஸ் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் பூட்டிவிட்டது. உள்ளே இருந்தது நாலைந்து கல்யாணத்தின் படங்கள். அவர் அந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாக நடந்து போய்ச் சொன்னார். அந்த நடை எனக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தேன். ஏழு வருஷம் காத்திருந்தது அதைவிடச் சுலபம்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

தாராளமாக. களியக்காவிளை தாண்டினால் கேரளப் பள்ளிகளில் லினக்ஸிலேயே கணினி வகுப்பு நடக்கிறது. பாடப்புத்தகத்திலேயே கிம்ப் இருக்கிறது. பாறசாலையில் படிக்கும் என் அண்ணன் மகள் ஒரு லீவுக்கு வந்தபோது என் திரையைப் பார்த்துவிட்டு, "மாமி, இது எங்க ஸ்கூல்ல உள்ளதாச்சே" என்று மவுஸை வாங்கி, நான் பார்க்கப் பார்க்க லேயர் மாஸ்க் போட்டுக் காட்டினாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை. நம்ம பக்கத்துப் பள்ளிகளிலும் இது வர வேண்டும் என்பது என் தீராத ஆசை.

காத்திருக்கும் நேரத்தில் நாம் என்ன செய்ய முடியும்? நமக்கு நிரல் எழுதத் தெரியாதே.

மூன்று வேலை உண்டு. பிழை கண்டால் அறிவிக்கலாம்: எந்தப் பதிப்பு, எந்த சிஸ்டம், என்ன செய்தபோது, என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. தமிழ் எழுத்தில் ஏதாவது கோளாறு என்றால் அந்தச் சொல்லையும் எழுத்துருவின் பெயரையும் சேருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, நாம் சொன்னால்தான் உண்டு. மெனுவைத் தமிழாக்கலாம், நோம் என்ற லினக்ஸ் திட்டத்தின் மொழிபெயர்ப்புத் தளத்தில் கிம்ப்புக்குத் தமிழ்ப் பக்கம் இருக்கிறது, அங்கே ஆள் தேவை. முடிந்தால் பணம் அனுப்பலாம். வழி அவர்கள் தளத்திலேயே உண்டு. ஒரு கல்யாண சீசன் முடிந்ததும் நான் ஒரு கார்டு ஆர்டரின் தொகையை அனுப்புகிறேன்.

அடுத்த பதிப்புக்கும் ஏழு வருஷம் ஆகுமா?

அப்படி ஆகக் கூடாது என்பதுதான் அவர்கள் எண்ணம். உத்தரம் மாற்றியாயிற்று, இனி ஓட்டு வேலை. 3.0 வந்த ஒரே வாரத்தில் 3.0.2, மே மாதம் 3.0.4 என்று திருத்தங்கள் வந்தன. 3.2 வரிசைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டவற்றில் எனக்கு வேண்டியது வெக்டர் லேயர். வட்டம், கட்டம், வளைவு எல்லாம் வரைந்த பிறகும் திருத்தக்கூடியதாக நிற்கும்.

என் கடையில் இப்போது ஓடுவது 3.0 வரிசைதான். அதில் வட்டம் வேண்டும் என்றால் எலிப்ஸ் செலக்ட் எடுத்து, இழுத்து, நிறம் ஊற்ற வேண்டும். சரியான வட்டத்துக்கு, இழுக்கத் தொடங்கிய பிறகு ஷிஃப்டை அழுத்துங்கள். முன்னாலேயே அழுத்தினால் பழைய தேர்வோடு சேர்ந்துவிடும்.